பத்துக்குப் பத்து அறையில் பாட்டுப் பதிவு

வீட்டில் பாட்டைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் பழகியிருக்கும். எதிரே உட்கார்ந்து கேட்டபோது இதமாக இருந்த குரல், திரும்பப் போட்டுக் கேட்டால் குளியலறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். உடனே மைக்கின் மேல் பழி விழும். கையைக் கடிக்கும் விலையில் மைக் ஒன்று வாங்குவோம். அதிலும் அதே குளியலறைதான் கேட்கும், முன்னைவிடத் தெளிவாக.

என் மகள் பாடுவாள், அக்கா வீணை வாசிப்பாள். இவர்கள் இருவரையும் எங்கள் வீட்டுப் பின்னறையில் பல வருடங்களாகப் பதிவு செய்துவருகிறேன். ஓசை கம்பிக்குள் நுழையும் முன்பே சரியாக இருக்கவேண்டும். நுழைந்த பிறகு திருத்துவது பாதி நடக்காது. அதனால் கீழே உள்ள குறிப்புகளில் அறையும் பாயும் மெத்தையும் முன்னால் வருகின்றன, கருவிகள் பின்னால் வருகின்றன. கர்நாடக சங்கீதத்தை வைத்துச் சொல்கிறேன். மெல்லிசைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் ஒரு நடுக்கம் வால்போல் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஓசையைப் பந்தாடுகின்றன என்று பொருள். டைல்ஸ் தரை, வழவழப்பாகப் பூசிய சுவர், கான்கிரீட் கூரை மூன்றுமே ஓசையை விழுங்காது. எல்லா அறையிலும் இப்படித் தட்டிப் பாருங்கள். வால் எங்கே மிகக் குட்டையோ அதுதான் உங்கள் ஸ்டூடியோ. பெரிய கூடத்தைவிடத் துணிமணி அடைந்த சின்னப் படுக்கையறை பல வீடுகளில் ஜெயித்துவிடும்.

2. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள அறை கொஞ்சம் தொல்லை பிடித்தது. 10 அடி தள்ளி நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸும் தங்கி வீங்கும். மூன்று பக்கமும் ஒரே அளவென்றால் மூன்று திசையிலும் அதே ஓசைகள் வீங்கும். ஆண்குரலில் ஒரே ஒரு சுரம் மட்டும் பானைக்குள் பாடியதுபோல் கேட்பதற்கு இதுதான் காரணம். 10-க்கு 12, 10-க்கு 14 என்று நீளமான அறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உட்காரும் இடத்தையாவது மாற்றுங்கள். சரி நடுவிலும் மூலையிலும் உட்காரவேண்டாம். ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து தொடங்கி, அரை அடி அரை அடியாக நகர்ந்து பாடிக் கேளுங்கள்.

3. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும். எந்தச் சுவரில் சாய்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரை மூடிவிட்டு, பாடுபவரின் முதுகுப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பாட்டுக்கு நாம் வாங்கும் மைக் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகை. அது பாடுபவரைப் பார்த்து நிற்கிறது, அப்படியானால் பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை நேராக அதன் வாய்க்குள் போகும். எனவே முதல் மெத்தை முதுகுக்குப் பின்னால். இரண்டாவது மெத்தை இருந்தால் பக்கச் சுவருக்கு. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் கீழ்ஸ்தாயி ஓசையையும் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். தரையில் ஜமுக்காளத்தை மடித்து இரண்டு அடுக்காக விரியுங்கள். துணி அலமாரியின் கதவைத் திறந்து வையுங்கள். அடுக்கி வைத்த புடவையும் போர்வையும் சும்மா கிடக்கும் நேரத்தில் நமக்கு உழைக்கட்டும்.

4. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டவேண்டாம். ஓசையை விழுங்குவதற்குத் தடிமன் வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் அலையில் கால்பங்கு நீளமே கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு அது 85 சென்டிமீட்டருக்கு மேல். மெல்லிய அட்டைக்கு அங்கே என்ன வேலை? ஒரு கடையில் சொன்னார்கள் என்று ஓர் அங்குல ஃபோம் வாங்கி அறை முழுக்க நானும் ஒட்டினேன். மேல்ஸ்தாயியின் பளபளப்பை மட்டும் அது எடுத்துக்கொண்டது, அடியில் இருந்த 'கும்' அப்படியே நின்றது. குரல் போர்வைக்குள் பாடியதுபோல் ஆயிற்று. அதையெல்லாம் பிய்த்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

5. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசியையும். வேர்க்கும், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே போட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் நடுவில் உறுமத் தொடங்கினால் அதுவரை பாடியது வீண், எனவே அதையும் அணைத்துவிடுவது நல்லது. மறுபடி போட மறந்துவிட்டால் பால் கெட்டுப்போகும். அதற்கு ஒரு வழி: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜ் நினைவுக்கு வரும். வெளிப்படப்பிடிப்புக்குப் போகும் ஒலிப்பதிவாளர்கள் வெகுநாளாகச் செய்துவரும் உபாயம் இது.

6. ஒருநாள் முழுக்க உங்கள் தெருவைக் காதால் கவனித்து எழுதிவையுங்கள். காக்கை எத்தனை மணிக்குக் கத்தத் தொடங்குகிறது, குப்பை வண்டியின் பாட்டு எப்போது வருகிறது, பக்கத்து வீட்டுக் குக்கர் எப்போது விசிலடிக்கிறது, மேல்மாடி மோட்டார் எப்போது ஓடுகிறது என்று எல்லாவற்றையும். எங்கள் தெருவில் பகல் 2 முதல் 3:30 வரை ஒரு நிசப்தம் கிடைக்கிறது. பலரும் இரவு 11 மணிக்கு மேல் பதிவு செய்கிறார்கள். ஓசை குறைவுதான், ஆனால் நாள் முழுவதும் பேசிக் களைத்த குரல் அப்போது மேல் ஷட்ஜமத்தில் நிற்க மறுக்கிறது. குரலுக்கும் தெருவுக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

7. பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் அடிநாதம் கேட்டால் அது மின்சாரம். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50, 100, 150 என்று ஏறும். 5 கட்டையில் பாடுபவருக்கு இது தனி வேதனை. அவருடைய ஷட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே 98 ஹெர்ட்ஸ். இரைச்சலோ 100-இல் நிற்கிறது. சுருதிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சுருதி சேராத தம்புராபோல் அது பாட்டு முழுக்க உறுத்தும். முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி வீடுகளில் அத்தோடு தீரும். தீராவிட்டால் எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே மூன்று முள் பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். மைக் கம்பியும் கரண்ட் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டாம். தாண்டியே ஆகவேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும். இரைச்சல் போகிறது என்று எர்த் முள்ளை வெட்டுபவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது, வேண்டவே வேண்டாம்.

8. இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரின் ரீங்காரம் எல்லாவற்றிலும் ஏறும்.

9. மைக் வாங்குவதில் அவசரம் வேண்டாம். மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் போட்ட பிறகும் கை தட்டினால் அறை கணீரென்று பதில் சொல்கிறதா? அப்படியானால் டைனமிக் மைக் போதும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைதோறும் நிற்கிறது; கிட்டத்தில் வைத்துப் பாடினால் அறையைப் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. அறை அடங்கியிருந்தால் கண்டென்சர் மைக் குரலின் மூச்சையும் கமகத்தின் நுனியையும் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் தரும் இன்டர்ஃபேஸ் வேண்டும். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து, நான்கு தடம் கொண்ட டாஸ்கம் கேசட் ரெக்கார்டரில் இரண்டு எஸ்எம்57 மைக்குகளை வைத்துச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். மாதிரிக்குத்தான் செய்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் அந்தக் கேசட்டின் தன்மை வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே வருடம் வெளிவந்தது. சாதாரண மைக் என்று தயங்குகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

10. தூரத்தைச் சாணால் அளங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தொடக்கம். மந்தரத்திலிருந்து தாரஸ்தாயி வரை ஓங்கிப் பாடுபவருக்கு ஒன்றரைச் சாண். இரண்டு விரற்கடைக்கு நெருங்கினால் குரலின் அடிப்பகுதி வீங்கிக் கனக்கும். ஒரு பக்க மைக்குகளின் இயல்பு அது. இரண்டு முழத்துக்குத் தள்ளினால் குரல் தேய்ந்து அறை முந்திக்கொள்ளும். தூரம் இரட்டித்தால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலி அப்படியேதான் இருக்கிறது. பாட்டு முழுக்க இந்தத் தூரம் மாறக்கூடாது. தலையை ஆட்டிப் பாடும் பழக்கம் உள்ளவருக்கு முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தால் ஓரளவு நிலையாக உட்காருவார்.

11. 'ப'வில் தொடங்கும் சொல் மைக்கில் 'டப்' என்று வெடிக்கும், வடமொழி 'ப'கரங்கள் அதைவிட. எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இறுக்கி, மைக்குக்கு நான்கு விரற்கடை முன்னால் கட்டுங்கள். கடையில் விற்கும் பாப் ஃபில்டரும் இதுதான். 'ச', 'ஸ' சீறினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், மூக்கின் உயரத்துக்கு ஏற்றி வாயை நோக்கிச் சற்றுத் தாழ்த்துங்கள். மூச்சுக்காற்று அதன் அடியில் போய்விடும்.

12. தாளம் போடும் கை. தொடையில் விழும் ஒவ்வொரு தட்டும் பதிவாகும், பிறகு மென்பொருளால் அதைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரிப்பது கடினம். தாளம் போடாதே என்று சொன்னால் பாட்டே குலையும். தொடையின் மேல் குளியல் துண்டை நான்காக மடித்து வைத்துவிடுங்கள். வளையல், கொலுசு, கைக்கடிகாரம் கழற்றப்படட்டும். பட்டுப்புடவை சரசரக்கும், பருத்தி கட்டுங்கள். மைக் ஸ்டாண்டு பாடுபவர் உட்கார்ந்த பலகையிலோ பாயிலோ நிற்கவேண்டாம், தனியாக மடித்த போர்வையின் மேல் நிற்கட்டும்.

13. சுருதியைக் காற்றில் விடாதீர்கள். பெட்டியோ செல்போன் செயலியோ, பக்கத்தில் ஒலித்தால் அது குரலோடு ஒட்டிப் பதிவாகும். பிறகு இரண்டு பதிவில் நல்ல இடங்களை எடுத்துச் சேர்க்கும்போது வெட்டிய இடத்தில் தம்புரா குதிக்கும். சுருதியைத் தனித் தடத்தில் வைத்து, மூடிய வகை ஹெட்போனில் பாடுபவருக்குக் கொடுங்கள். ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளப் பலர் விரும்புவார்கள். அப்போது மறுபக்கக் கிண்ணத்தைக் கன்னத்தோடு ஒட்டி அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், கசியாது.

14. ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது. ஓசை நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வரும். கம்பி ஹெட்போனிலும் தன் குரல் பின்தங்கி வருவதாகப் பாடுபவர் சொன்னால், மென்பொருளில் பஃபரை 128-க்குக் குறையுங்கள். அல்லது இன்டர்ஃபேஸில் இருக்கும் நேரடி மானிட்டர் வசதியைப் போடுங்கள்.

15. அளவு வைக்கும்போது, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லி வைக்காதீர்கள். பாட்டிலேயே மிக உச்சமான இடத்தை, பெரும்பாலும் அனுபல்லவியோ சரணத்தின் மேல் சஞ்சாரமோ, முழுக்குரலில் பாடச் சொல்லி அது மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். மேடையேறியதும் குரல் இன்னும் ஓங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், மைக் முன்னாலும் அப்படியே. அந்த 12 டெசிபல் அதற்கான இடம். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 9 எம்பிக்குள் ஆகும். குறைவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம். உச்சி நறுக்கப்பட்டுப் பதிவானது போனதுதான்.

16. வீணைக்கு மைக் குடத்தைப் பார்க்கட்டும், மெட்டுகளைப் பார்க்கவேண்டாம். குடத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளி, குதிரைக்கும் நாதத்துளைகளுக்கும் நடுவில் பார்த்தபடி வைத்தால் நாதம் முன்னும் விரல் உராய்வு பின்னும் நிற்கும். என் அக்காவின் வீணைக்கு இந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்த அன்று தரையில் சாக்பீஸால் குறித்துவைத்தேன். இப்போது நிரந்தரமாகப் பெயின்ட் குறி. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைப்பதானால், ஒவ்வொன்றும் தன் தலையிலிருந்து எவ்வளவு தூரமோ அதைப்போல் மூன்று மடங்காவது ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கவேண்டும். வலந்தலையிலிருந்து ஒரு சாண், தொப்பியிலிருந்து ஒரு சாண் வைத்தால் நடுவே மூன்று சாண் தானாகக் கிடைத்துவிடும். ஒரே மைக் என்றால் முன்னால் ஒன்றரை முழத்தில் வைத்து, வலந்தலை தூக்கினால் தொப்பிப் பக்கம் நகர்த்துங்கள். ஏசி அறைக்குள் மிருதங்கம் வந்தால் தோல் மாறிச் சுருதி மாறும். அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து பிறகு சேர்க்கட்டும். வயலினுக்கு மேலிருந்து ஒரு முழம். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

17. பாட்டு முடிந்ததும் யாரும் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லக்கூடாது. கடைசி நாதம் முழுக்க அடங்கட்டும். அதன்பிறகு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் வெறும் அறையையும் பதிவு செய்யுங்கள். பின்னால் ஓர் இருமலை வெட்டியெடுத்தால் அந்த இடத்தை இட்டு நிரப்ப இந்த நிசப்தம்தான் வேண்டும்.

18. வெளியூரில் இருக்கும் மிருதங்கக்காரர் தன் வீட்டில் வாசித்து அனுப்பப்போகிறாரா? 5 கட்டை என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் பாடிய அதே சுருதிக் கோப்பில் ஒரு நிமிடத்தை அனுப்பிவையுங்கள். இரு வீட்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 44.1-இல் பதிவானதை 48 என்று நினைத்து ஓட்டினால் 5 கட்டைப் பாட்டு ஐந்தரையையும் தாண்டி, காலப்பிரமாணமும் ஓடிவிடும்.

19. மிக்ஸிங்கில் முதல் வேலை வெட்டுவது. குரலுக்குக் கீழே கிடக்கும் லாரி உறுமலை ஹை-பாஸ் ஃபில்டரால் எடுத்துவிடலாம். எங்கே வெட்டுவது என்பதைக் கட்டை சொல்லும். 1 கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜமம் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. எனவே 80-இல் வெட்டலாம். 5 கட்டைப் பெண்குரலுக்கு ஷட்ஜமம் 196, மந்தர பஞ்சமம் 147. 110 வரை தைரியமாக ஏறலாம். மிருதங்கத் தடத்தில் கை வைக்காதீர்கள், தொப்பியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

20. கம்ப்ரெஸரை 2-க்கு 1 விகிதத்தில், உச்சத்தில் 3 டெசிபல் மட்டும் அழுத்துமாறு வையுங்கள். மீதியை ஃபேடரால் கையாலேயே ஏற்றி இறக்குங்கள். மந்தரத்தில் மெல்லப் பாடிய சங்கதியை ஒன்றரை டெசிபல் தூக்கிவிடுவது மெனக்கெட்ட வேலை, ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஸ்டூடியோப் பதிவுக்கும் வீட்டுப் பதிவுக்கும் கேட்பவர் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு மணி நேரம்தான் என்பது என் கருத்து. எதிரொலியைக் கடைசியில் சேருங்கள். சேர்த்திருப்பது தெரிகிற அளவுக்கு வைத்துவிட்டு, அதிலிருந்து பாதியாகக் குறையுங்கள்.

21. ஆட்டோ-ட்யூனைத் தொடாதீர்கள். 1997-இல் வந்த அந்த மென்பொருள் வழக்கமாகப் பன்னிரண்டு சமபங்குச் சுரங்களைத்தான் அறியும். தோடியின் காந்தாரம் அசைகிற அசைவை அது பிழை என்று எண்ணி நேராக்கிவிடும். தோடி அங்கே இருக்காது.

22. முடித்ததைச் செல்போனில், சமையலறையில், காரில், மிகச் சின்ன ஒலியில் கேளுங்கள். சின்ன ஒலியிலும் சாகித்தியம் புரிந்தால் குரல் சரியான இடத்தில் நிற்கிறது. உங்களுக்குப் பிடித்த, நல்ல நிறுவனம் வெளியிட்ட ஒரு பதிவை அதே ஒலியில் அடுத்துப் போட்டு ஒப்பிடுங்கள். காது களைத்த இரவில் எந்த முடிவும் எடுக்காமல் மறுநாள் காலையில் கேட்டு முடிவெடுங்கள்.

23. வெளியிடும்போது உரக்க வேண்டும் என்று நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குச் சமன்செய்தே ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றிய உரப்பை அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். உச்சி மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

24. வீட்டுப் பெரியவர்களின் பாட்டைப் பதிவு செய்ய மேலே சொன்ன பாதியை மறந்துவிடுங்கள். தாலாட்டும் நலங்குப் பாட்டும் தெரிந்த ஒரு பாட்டியை மெத்தைக்கும் மைக்குக்கும் நடுவில் உட்காரவைத்தால் அவருக்குப் பாட்டு மறந்துபோகும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே இருக்கட்டும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. சட்டைப்பித்தான் அளவு மைக்கைப் புடவைத் தலைப்பில் மார்பளவில் குத்திவிட்டு, விசிறியை மட்டும் நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பாட்டு வராது. அணைக்காதீர்கள், ஓடட்டும்.

25. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வையுங்கள்: தேதி, பாட்டு, ராகம், கட்டை, பாடியவர். 'புதிய பதிவு 47' என்று கிடப்பதை ஐந்து வருடம் கழித்து யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். லேப்டாப்பில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறொருவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று நகல். எங்கள் பாட்டியின் குரல் 90 நிமிடக் கேசட் ஒன்றில்தான் இருந்தது. மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. வீட்டில் யாரோ அதைக் காலி கேசட் என்று நினைத்து அதன்மேல் கிரிக்கெட் வர்ணனையைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு தாலாட்டின் கடைசிப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பின்னணியில் ஒரு காக்கை கத்துகிறது, யாரோ அண்டாவில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதை வெட்டாமல், வடிகட்டாமல், இருப்பது இருந்தபடி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.